பக்கம் பார்த்த சோபா

"கொஞ்சம் மடங்கணும்" என்று மகள் சொன்னபோது தங்கசாமியின் கையில் பாதி குடித்த டீ இருந்தது. மீதிப் பாதியை அவர் கடைசிவரை குடிக்கவில்லை.

நாமக்கல் பரமத்தி ரோட்டில் இருக்கும் அவருடைய லாரி பாடி கட்டும் பட்டறையில், இரண்டு லாரி கேபின்களுக்கு நடுவே ஒரு டிரம்மைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தனப்பிரியா ஏழு வேலையாட்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சின்ன விமானம் ஒன்றில் போடுவதற்காக அவள் வடிவமைத்த இருவர் சோபாவைப் பற்றிய பாடம். முதல் சோபாவின் சட்டத்தை இந்தப் பட்டறையில்தான் கட்டினார்கள். இரண்டாவதைக் கட்டுவதற்கு முன் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாள்.

"மத்த சீட்டெல்லாம் முன்னப் பார்த்து இருக்கும். விமானம் எங்கியாச்சும் மோதுனா ஆளு முன்னால போவான், பெல்ட்டு புடிச்சுக்கும். நம்ம சோபா சன்னல்ல முதுகைக் கொடுத்துப் பக்கம் பார்த்து இருக்குதுங்க. மோதுனா ஆளு தோள்பக்கமாச் சாய்வான். கழுத்தும் வெலா எலும்பும் அடி வாங்கும். பக்கத்துல உக்காந்த ரெண்டு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் மோதிக்கவும் கூடாது."

"புருசன் பொண்டாட்டியா இருந்தாலுங்களா அம்மணி?" என்று கேட்டார் ராசு. தங்கசாமியிடம் முப்பது வருடமாக வெல்டிங் செய்பவர்.

"இருந்தாலுந்தானுங்க ராசண்ணா. வீட்டுல போய் மோதிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் அதைச் சொன்னாள்.

"இன்னொண்ணு. விமானம் தொப்புனு கீழ விழுந்தா, அந்த அடியை சீட்டு வாங்கிக்கணும். கொஞ்சம் மடங்கணும். சீட்டு மடங்கலைன்னா ஆளோட முதுகெலும்பு மடங்கும். அதனால கெட்டியாக் கட்டுனாத்தான் நல்லதுன்னு ஆரும் நினைச்சுக்காதீங்க. டிராயிங்ல இருக்கறதுக்கு மேல ஒரு ஸ்க்ரூ கூட எச்சாப் போடக் கூடாது."

தங்கசாமி கூரைத் தகரத்தைப் பார்த்தார். ராசு தங்கசாமியைப் பார்த்தார். பத்து நாளைக்கு முன் என்ன நடந்தது என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும்.

நடந்தது இதுதான். சோபாவின் இரும்புச் சட்டம் முடிந்ததும், அதன் மேல் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து இருவரும் இடமும் வலமுமாக ஆடிப் பார்த்தார்கள். டிராயிங்கில் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு பொருள் வெளியே போவதென்றால், முதலாளி அதன் மேல் உட்கார்ந்து ஆடாமல் போகாது. ஆடியபோது, காலும் நீளக் குழாயும் சேரும் மூலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"இரும்பு பேசுதுடா" என்றார் தங்கசாமி.

நாமக்கல்லில் பாடி கட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பத்து டன் ஏற்றுவேன் என்று ஒருவன் சொன்னால் இருபது டன்னுக்குக் கட்டிக் கொடுப்பார்கள். அவன் இருபதுதான் ஏற்றுவான் என்பது அவனுக்கும் தெரியும், இவர்களுக்கும் தெரியும். நாற்பது வருடம் அப்படிக் கட்டிய கை சும்மா இருக்குமா? மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, உள்ளங்கை அகலத்தில் இரண்டு முக்கோண பிளேட்டுகளை வெட்டி, அந்த மூலைகளில் ஆர்கான் வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்து, ஒன்றும் தெரியாதவர்போல மோர் குடிக்கப் போய்விட்டார். பிறகு சத்தம் வரவில்லை. அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது.

இப்போதுதான் தெரிகிறது, அந்த நிம்மதி யாரோ ஒருவரின் முதுகெலும்புக்கு வைத்த வேட்டு என்று.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், இதே காரியத்தை அவர் முன்பும் ஒருமுறை செய்திருக்கிறார். பதினொரு வருடத்துக்கு முன், தனப்பிரியா கல்லூரியில் படித்தபோது, தோழிகளோடு சேர்ந்து ஒரு பந்தய வண்டி செய்தாள். போட்டிக்கு முதல் நாள், பிள்ளை ஓட்டப் போகிற வண்டியாயிற்றே என்று, அவளுக்குத் தெரியாமல் ஒரு குழாயைக் குறுக்கே போட்டுப் பற்றவைத்துவிட்டார் அப்பா. வண்டி ஒன்பது கிலோ எடை கூடிப்போனது. களத்துக்குள் விடவே இல்லை. பெண்கள் நாலு பேரும் வேலிக்கு வெளியே நின்று போட்டியை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. "எனக்கு நல்லது பண்றேன்னு இனிமே என்னோட வேலையில கை வைக்காதீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அவரும் சரி என்றார். அதிலிருந்து அவளுக்கும் அவருக்கும் இடையில் சாப்பாடு, மாத்திரை, பஸ் நேரம் இவற்றைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒரு குழாய்க்குப் பதினொரு வருடம் என்பது அதிகம்தான் என்று அவர் பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் போய்ப் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

சோபா டிராயிங்கை அவள் பட்டறைக்குக் கொண்டுவந்த நாளில், தங்கசாமி வீட்டுக்குப் போய் மனைவி சௌந்திரத்திடம் இரண்டு தடவை சொன்னார்: "என்னியத்தான் கட்டித் தரச் சொல்றா."

அந்தச் சோபாதான் அடுத்த புதன்கிழமை ஓசூருக்கு அப்பால் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போகிறது. அங்கே ஆள் மாதிரி பொம்மைகளை அதில் உட்கார வைத்து, தண்டவாளத்தில் ஏற்றி, எடையைப்போல பதினாறு மடங்கு விசையில் அறைந்து பார்ப்பார்கள். அந்தத் தேதி தவறினால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்துத்தான். சோபாவைக் கேட்ட விமானக்காரர்கள் அதுவரை பொறுக்க மாட்டார்கள். ஜெர்மனியில் ஒரு கம்பெனி தனப்பிரியாவுக்கு வேலை தயாராக வைத்துக் காத்திருக்கிறது.

"இது தேறுனா இங்கியே இருந்து செய்வேன். இல்லாட்டிப் போயிடறேம்மா" என்று அவள் அம்மாவிடம் சொன்னதைச் சமையலறைக்கு வெளியே நின்று கேட்டவர் தங்கசாமி. பதினாறு மடங்குக் கணக்கு அவருக்குப் புரியவில்லை. அந்த வாக்கியம் நன்றாகப் புரிந்தது.

மகளின் கார் கேட்டைத் தாண்டியதும் ராசு பக்கத்தில் வந்தார்.

"சொல்லிப் போடுங்ணா."

"எப்படிச் சொல்றது?"

"ரெண்டு பிளேட்டு போட்டேன் சாமின்னு சொல்றதுதானுங்."

"அதைச் சொல்ல ஒரு நிமிசம் ஆவாது. அதுக்கப்பறம் அவ எத்தனை வருசம் பேசாம இருப்பான்னு உனக்குத் தெரியுமா?"

ராசுவுக்குத் தெரியவில்லை. ஆகவே சத்தமில்லாமல் பிளேட்டுகளை எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. ஆனால் சோபா இப்போது பட்டறையில் இல்லை. தோல் உறை போட்டு, முந்தாநாளே சேலத்துக்கு, ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அவளுடைய அலுவலகத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் தங்கசாமி மகளுக்குப் போன் போட்டார்.

"சாமி, சோபா உறையில இடதுபக்கம் தையல் கோணலா இருந்தாப்பல ஒரு நெனப்பு. ஒரு நாளைக்குப் பட்டறைக்கு அனுப்பு, பிரிச்சுத் தெச்சுக் குடுத்தர்றேன்."

"கோணலா? நான் பாத்தப்ப நேராத்தானுங்கப்பா இருந்துது."

"கண்ணாடி போடாமப் பாத்திருப்பே."

"நான் கண்ணாடியே போடறதில்லீங்கப்பா."

வாயைத் திறந்ததோடு விஷயம் முடிந்திருந்தால் பரவாயில்லை. தையலில் கோணல் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அது இல்லை என்றாலும் எழுதி வைக்க வேண்டும் என்பது விமானத் தொழிலின் விதி. அவள் எழுதினாள். எழுதியதை விமானக்காரர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் ஏழு கேள்வி கேட்டார்கள். தீப்பிடிக்காது என்று தெரிய இன்னொரு தோல் துண்டை எரித்துக்காட்டச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை முழுக்க அவள் அலுவலக மாடியில் நின்று தோலை எரித்துக்கொண்டிருந்ததாகச் சௌந்திரம் வந்து சொன்னாள்.

"பாவம், மத்தியானச் சோறுகூடத் திங்கலையாம். ஆரோ வேலைவெட்டி இல்லாதவன் தையல் கோணல்னு சொல்லிப்போட்டானாம்."

"ஆராம்?"

"பேரு சொல்லல."

பேர் சொல்லாதது அவரை இன்னும் சுட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த இடி. பட்டறையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சௌந்திரம் சொன்னாள்: "பிரியா கூப்புட்டா. அப்பா எங்கேன்னு கேட்டா. இன்னும் வரலைன்னேன். சரி, ஒண்ணுமில்ல, நானே பேசிக்கறேன்னு வெச்சுட்டா."

தங்கசாமி மறு காலைக் கழுவாமலே நிமிர்ந்தார். பதினொரு வருடத்தில் மகள் அவரைத் தேடிக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. சோபாவுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டாளோ? பார்த்திருந்தால் நேரில் வந்து நின்றிருப்பாளே. இன்னும் பார்க்கவில்லை, சந்தேகம்தான் வந்திருக்கிறது. நாளைக்குள் எடுத்தாக வேண்டும்.

நல்ல வேளையாக நாளை ஞாயிற்றுக்கிழமை. நாமகிரிப்பேட்டையில் சௌந்திரத்தின் அண்ணன் மகள் கல்யாணம். தாயும் மகளும் அங்கே போய்விடுவார்கள். தான் மட்டும் போகாமலிருக்க ஒரு காரணம் வேண்டும். காலையில் எழுந்ததும் தங்கசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

"முதுகு புடிச்சுக்கிச்சு புள்ள."

காரணம் நன்றாக எடுபட்டது. அளவுக்கு மீறியே எடுபட்டது. சௌந்திரம் பட்டுச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, தானும் போவதில்லை என்றாள். வெந்நீர்ப் பை வந்தது. நொச்சித் தழை வந்தது. பக்கத்து வீட்டு மாரக்காள் வந்து, குப்புறப் படுக்க வைத்து, முட்டியால் முதுகை அழுத்தினார். அழைத்துப்போக வந்த தனப்பிரியா வாசற்படியிலேயே நின்று, "டாக்டர்கிட்டப் போலாங்கப்பா, கல்யாணம் கெடக்குது" என்றாள். அந்தக் குரலில் பழைய தனப்பிரியா இருந்தாள். இதற்காகவாவது ஒரு நாள் நிஜமாக முதுகு பிடித்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

"நீங்க போயிட்டு வாங்க சாமி. தாய்மாமன் ஊட்டுக் கல்யாணம், ஆரும் போகலைன்னா பேச்சாயிரும். படுத்தாச் சரியாயிரும்."

ஒருவழியாகக் கார் கிளம்பியதும், தங்கசாமி கட்டிலை விட்டுக் குதித்தார். அலுவலகத்தின் மாற்றுச் சாவி பூசை அறையில் தொங்கியது. ராசு பேட்டரி கிரைண்டரைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து, மேலே வாழையிலை மூடிக்கொண்டு வந்தார். ஃபேர்லேண்ட்ஸ் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. காவல்காரர், "மேடம் இன்னிக்கு லீவுங்களே" என்றார். "தெரியுமுங்க, சாப்பாடு வெச்சுட்டுப் போறோம்" என்றார் தங்கசாமி. லீவில் இருப்பவருக்கு எதற்குச் சாப்பாடு என்று காவல்காரர் யோசித்து முடிப்பதற்குள் இருவரும் மாடி ஏறிவிட்டார்கள்.

கதவைத் திறந்த ராசு அப்படியே பின்னால் வந்தார்.

"அண்ணா, ஆளு இருக்குது."

சோபாவில் ஒருவர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். சட்டை, அரைக்கால் சட்டை, காலில் நல்ல ஷூ. முகத்தில் மட்டும் மூக்கு வாய் சரியாக இல்லை. சோதனைக்கூடத்திலிருந்து, பெல்ட் அளவு பார்ப்பதற்காக அனுப்பியிருந்த பொம்மை அது. இருவரும் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். எழுபத்தேழு கிலோ. ஒரு பக்கம் தூக்கினால் மறுபக்கம் மடங்கி இவர்கள் மேலேயே சாய்ந்தது. கடைசியில் அவரைப் பழையபடி உட்கார வைத்து, சட்டையையும் நேராக்கிவிட்டார்கள்.

"இருங்க, ஒரு நிமிசம்" என்று பொம்மையிடம் சொல்லிவிட்டு, தங்கசாமி தரையில் மல்லாந்து படுத்து சோபாவுக்கு அடியில் நுழைந்தார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அடிமறைப்புத் தகட்டை எடுத்தார். இரண்டு பிளேட்டும் வைத்தது வைத்தபடியே இருந்தன. தன் வெல்டிங்கைப் பார்த்ததும் அவருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

முதல் பிளேட் வரும்போது தீப்பொறி தெறித்து உறையின் ஓரம் கருகியது. கருகியதை அமுக்க ராசு ஈரத்துணியை வைத்து இழுத்தார். இழுத்ததில் இடதுபக்கத் தையல் விட்டுப்போனது. விட்டதைச் சேர்த்துப் பிடித்து, கருகல் உள்ளே மடியும்படி, கூடையிலிருந்த கோணி ஊசியால் ராசு தைத்தார். தைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, இடதுபக்கத் தையல் கோணலாக இருந்தது.

"அண்ணா, நீங்க சொன்ன எடத்துலயேதானுங்க" என்றார் ராசு, பயந்துபோய்.

இரண்டாவது பிளேட் லேசில் வரவில்லை. தன் கை வைத்த வெல்டிங்கை அறுக்கத் தன் கையே அரை மணி நேரம் பாடுபட்டது. காதுக்குப் பக்கத்தில் பொம்மையின் ஷூ. இரும்புத் தூள் கண்ணில் விழ, தங்கசாமி கிரைண்டரை நிறுத்திவிட்டு மேலே பார்த்துப் பேசினார்.

"உங்களுக்கு நோவக் கூடாதுன்னுதானுங்க போட்டேன். எடுக்கறதும் அதுக்குத்தானுங்க."

"அண்ணா, அது பொம்மைங்க."

"இருக்கட்டும். புதங்கெழமை அடி வாங்கப் போறது அவருதானே?" என்றவர், கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ர புள்ளைகிட்ட இதைச் சொல்லோணும்டா. பதினோரு வருசமா ஒரே ஒரு வார்த்தை. தப்புப் பண்ணிப்போட்டேன் சாமின்னு. உங்கிட்ட வருது, இந்தப் பொம்மைகிட்ட வருது. அவ மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது."

ராசு டார்ச்சைச் சரியாகப் பிடித்தார். பிளேட் அறுந்து தரையில் விழுந்தது. அறுத்த இடத்தை ராவி, மேலே பெயிண்ட் பூசி, தகட்டைப் பழையபடி முடுக்கினார்கள். தங்கசாமி எழ முயன்றார். முடியவில்லை. முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்திலிருந்து திரும்பிய சௌந்திரம், "காத்தால இருந்ததுக்கு இப்பத்தான் எச்சா இருக்குதாட்டத் தெரியுது" என்றாள். அவர் சொன்ன பொய்யெல்லாம் ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, இன்னிக்கு உறையைப் பாத்தேன். நீங்க சொன்னது சரிதானுங்க. இடதுபக்கம் தையல் கோணல்தான். ஆளை வரச்சொல்லி நேராத் தெச்சாச்சு. முன்னாடியே எழுதி வெச்சிருந்ததால ஒண்ணும் சிக்கல் இல்ல."

"ம்."

"உங்க கண்ணை நான் அப்பவே நம்பியிருக்கணும்."

திட்டியிருந்தால் தங்கசாமி தாங்கியிருப்பார். பாராட்டு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"புதங்கெழமை நீங்களும் வாங்கப்பா" என்றாள் அவள். "முதுகு முடியும்னா."

"முடியும் சாமி. வாரேன்."

புதன்கிழமை, சோபா ஏறிய வேனுக்குப் பின்னால் மகள் காரை ஓட்ட, முதுகில் பெல்ட் கட்டிக்கொண்டு தங்கசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஓசூர் போவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று உறுதி எடுத்திருந்தார். போட்டதையும் சொல்ல வேண்டும், எடுத்ததையும் சொல்ல வேண்டும். சோபா இப்போது டிராயிங்கில் உள்ளபடி சுத்தமாக இருக்கிறது, அதனால் சொல்வதில் ஆபத்தும் இல்லை. தொப்பூர் மலையில் வாயைத் திறந்தார். "அப்பா, முன்னால டேங்கர் போவுது, தாண்டிக்கறேன்" என்றாள். தருமபுரியில் திறந்தார், அவளுக்குப் போன் வந்தது. கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது மூன்றாவது தடவையாகத் திறந்தார்.

"சாமி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

"நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்கப்பா." டீயை ஊதிக்கொண்டே சொன்னாள். "சனிக்கெழமையே சொல்லலாம்னு கூப்புட்டேன், நீங்க இல்ல. அப்பறம் அங்க போயே சொல்லலாம்னு விட்டுட்டேன். இன்னும் ஒரு மணி நேரந்தானே."

ஜெர்மனி, என்று அவர் நினைத்துக்கொண்டார். எப்படியும் போவதாக முடிவு செய்துவிட்டாள். அதைத்தான் நல்லபடியாகச் சொல்லக் கூட்டிப்போகிறாள். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அவர் டீ டம்ளரைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

சோதனைக்கூடம் பெரிய நெல் குடோன் மாதிரி இருந்தது. நடுவில் தண்டவாளம், சுற்றிலும் கேமராக்கள், சுவரோரம் இரண்டு பொம்மைகள் முறைக்காகக் காத்து உட்கார்ந்திருந்தன. அதில் ஒருவரைத் தங்கசாமிக்குத் தெரியும். சோபாவைத் தண்டவாளத்தில் பூட்டுவதற்கு முன், அது டிராயிங்கில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் வந்தார். ஜீவா என்று பெயர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. டிராயிங்கில் இல்லாத ஒன்று சோபாவில் இருந்தாலும், இருக்க வேண்டிய ஒன்று இல்லாவிட்டாலும் அன்றைக்குச் சோதனை கிடையாது, தேதி போய்விடும் என்று தனப்பிரியா அப்பாவுக்கு விளக்கினாள்.

"இது திங்கக்கிழமை மாத்தி அனுப்புன டிராயிங்தானே மேடம்?" என்று கேட்டார் ஜீவா.

"ஆமாங்க, அதேதான்."

தையலுக்காக மாற்றியிருப்பாள் என்று தங்கசாமி நினைத்துக்கொண்டார்.

ஜீவா பெல்ட்டைப் பார்த்தார். தையலைப் பார்த்து, அதற்கான காகிதத்தைப் பார்த்து, தலையாட்டினார். ஒவ்வொரு போல்ட்டாக எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் விழ விழ, தங்கசாமியின் முதுகு நிமிர்ந்தது. நாற்பது வருடத்தில் அவர் கையிலிருந்து, எழுதிக் கொடுத்ததற்கு ஒரு ஆணிகூட அதிகமில்லாமல் வெளியே வந்த முதல் பொருள் இதுதான். காலம் தாழ்த்தியாவது மகளின் பேச்சைக் கேட்டோமே என்று இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் இதே புத்தி இருந்திருந்தால் அந்த வண்டியும் ஓடியிருக்கும், வீட்டில் பேச்சும் ஓடியிருக்கும். போனது போகட்டும், இதையாவது கெடுக்காமல் விட்டோம். சோதனை முடிந்ததும் முதல் காரியமாக அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அதற்கப்புறம் அவள் ஜெர்மனிக்குப் போனாலும் பேசிவிட்டுப் போனதாக இருக்கும்.

கடைசியாக ஜீவா டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து, அடிமறைப்புத் தகட்டைக் கழற்றினார். தங்கசாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சோபாவைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தய வண்டிக்கு முந்தி அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது.

"என்ன சாமி?" என்றார், அவரும் சிரித்துக்கொண்டு.

"அவரு எந்திரிச்சதும் சொல்றேங்கப்பா."

ஜீவா எழுந்திருக்கவில்லை. டார்ச் வெளிச்சம் ஒரு மூலைக்குப் போனது, மறு மூலைக்குப் போனது, பிறகு டிராயிங்குக்குத் திரும்பியது. அடியிலிருந்தே அவர் குரல் வந்தது.

"மேடம், 'தங்கசாமி பிளேட் ரெண்டு, இது இல்லாம சோபா பக்கவாட்டு அடி தாங்காது'ன்னு டிராயிங்ல நீங்களே எழுதியிருக்கீங்க, ஆனா இங்க அறுத்த தழும்பு மட்டுந்தான் இருக்கு, பிளேட்டக் காணமே மேடம்."